கொதிக்காத மோட்டாருக்கு எந்தக் கூலண்ட்?

பெட்ரோல் பைக்கைப் பல வருஷம் ஓட்டிப் பழகியவர் மின்சார டர்ட் பைக் ஒன்றை வாங்கி, சேறும் மணலும் கல்லும் கலந்த பாதைகளில் அதை ஏற்றி இறக்கி மகிழ்ந்து, சர்வீஸ் காலம் நெருங்கியதும் உதிரிபாகக் கடைக்குப் போய், பச்சையும் சிவப்பும் நீலமுமாக அடுக்கியிருக்கும் கூலண்ட் டப்பாக்களில் தமக்குப் பழக்கமான ஒன்றை எடுத்து வந்துவிடுவது இயல்பான காரியம். அந்த டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் குணங்கள் பொய்யல்ல. உறையாமல் காக்கும், கொதிநிலையை உயர்த்தும், அரிப்பைத் தடுக்கும் என்ற மூன்றும் வாஸ்தவமே. ஆனால் அவற்றுள் முதல் இரண்டும் பிரதானமாக வேறொரு யந்திரத்தின் கவலைகள். மின்சார மோட்டாருக்கும் அதை இயக்கும் கன்ட்ரோலருக்கும் உரிய கவலைகள் வேறு. அவற்றில் மிக முக்கியமான ஒன்று சாதாரண டப்பாக்களில் குறிப்பிடப்படுவதே அபூர்வம்.

இந்தப் பழக்கம் வந்த வழியை முதலில் பார்ப்பது உசிதம். பெரும்பாலான கூலண்டுகளுக்கு அடிப்படையான எதிலீன் கிளைகால் என்னும் திரவத்தைப் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி வூர்ட்ஸ் 1850-களில் முதன்முதலாகத் தயாரித்தார். மோட்டார் வண்டி பரவத் தொடங்கிய காலத்தில், குளிர்தேசங்களில் ரேடியேட்டர் தண்ணீர் இரவில் உறைந்து எஞ்சினையே பிளந்துவிடும் என்ற பயத்தால் தண்ணீரோடு மதுசாரத்தைக் கலந்து ஊற்றினார்கள். எஞ்சின் சூடேறியதும் அது ஆவியாகிப் போய்விடுமாகையால், 1927-இல் அமெரிக்காவில் பிரஸ்டோன் என்ற பெயரில் எதிலீன் கிளைகால் விற்பனைக்கு வந்தபோது ஒரு பெரிய தொல்லை தீர்ந்தது. ஸ்பிட்ஃபயர் விமானத்தைச் சுமந்து பறந்த ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினுக்கு ஆரம்பத்தில் தண்ணீர் கலவாத கிளைகாலையே பயன்படுத்தினார்கள். அதன் கொதிநிலை ஏறக்குறைய 197 டிகிரி ஆகையால், திரவத்தை மிகச் சூடாக ஓடவிட்டு ரேடியேட்டரைச் சிறியதாக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பின்னர், 70 பங்கு தண்ணீருக்கு 30 பங்கு கிளைகால் என்று கலந்து அழுத்தத்தில் வைத்தபோது, எஞ்சினின் உஷ்ணமும் தணிந்தது, தீப்பற்றும் அபாயமும் குறைந்தது. உஷ்ணத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீரை மிஞ்சும் திரவம் நம் உபயோகத்தில் இல்லை என்பதும், தண்ணீரின் குறைகளை ஈடுகட்டவே கிளைகால் அதனுடன் சேர்கிறது என்பதும் அன்றே ஸ்பஷ்டமாகிவிட்ட விஷயங்கள்.

பெட்ரோல் எஞ்சினில் கூலண்ட் 90 டிகிரிக்கும் 105 டிகிரிக்கும் இடையில் ஓடுகிறது. அங்கே கொதிப்பது என்பது அன்றாட அபாயம். ஆதலால்தான் அழுத்த மூடியும், பாதிக்குப் பாதி கிளைகாலும் தேவைப்படுகின்றன. மின்சார வண்டியிலோ, கன்ட்ரோலருக்குள் இருக்கும் நுண்ணிய மின்கருவிகளைப் பத்திரமாக வைப்பதற்காக, உள்ளே நுழையும் திரவம் 60, 65 டிகிரியைத் தாண்டாமல் இருக்கும்படியே பொதுவாக அமைக்கிறார்கள். அந்த உஷ்ணத்தில் எந்தக் கூலண்டும் கொதிக்கப் போவதில்லை. கொதிநிலையைப் பற்றிய பெருமையெல்லாம் இங்கே வீணாகிவிட, வேறொரு சங்கடம் எழுகிறது. ரேடியேட்டர் காற்றுக்குக் கொடுக்கும் உஷ்ணம், திரவத்துக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. மேட்டில் வைத்த தொட்டியிலிருந்து தண்ணீர் விரைந்து பாய்வதும், தாழ வைத்த தொட்டியிலிருந்து மெல்ல வடிவதும் போன்றது இது. சித்திரை மாதத்துப் பகலில் காற்று 38 டிகிரியில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 95 டிகிரியில் ஓடும் எஞ்சின் கூலண்டுக்கு 57 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. 60 டிகிரியில் ஓடும் மின்சார வண்டியின் கூலண்டுக்குக் கிடைப்பது 22 டிகிரிதான். அதே அளவு ரேடியேட்டர், அதே காற்று. ஆனால் வேலையில் ஐந்தில் இரண்டு பங்குதான் நடக்கும். மின்சார மோட்டார் பெட்ரோல் எஞ்சினைவிட மிகக் குறைவாகவே உஷ்ணத்தை வீணாக்குகிறது என்பது உண்மையாயினும், அந்தக் குறைந்த உஷ்ணத்தை வெளியேற்றுவது அவ்வளவு எளிதல்ல என்பதும் அதே அளவு உண்மை.

அதிலும் டர்ட் பைக்கின் நிலை விசேஷமானது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு வேகம் கூடக்கூடக் காற்றும் கூடுகிறது. மலைச்சரிவில் கற்களுக்கிடையே ஏறும் வண்டியோ, நடக்கும் மனிதனின் வேகத்தில் ஊர்ந்துகொண்டே, தன் முழு முறுக்குவிசையையும் செலவிட வேண்டியிருக்கிறது. முறுக்குவிசை ஏறக்குறைய மின்னோட்டத்தின் அளவைப் பொறுத்தது. ஆனால் கம்பிச்சுற்றில் பிறக்கும் உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே முறுக்குவிசை இரண்டு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்காகிறது. இது போதாதென்று, செம்புக் கம்பி 100 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு உயர்ந்துவிடுவதால், சூடே மேலும் சூட்டைப் பிறப்பிக்கிறது. மோட்டாரின் சுழலியில் பதித்திருக்கும் நியோடிமியக் காந்தங்கள் தத்தம் ரகத்துக்கு உரிய எல்லையைத் தாண்டிச் சூடேறினால், காந்த சக்தியில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழந்துவிடும். ஆறிய பிறகும் அது திரும்பி வருவதில்லை. இந்த நஷ்டம் நேராதிருக்கவே, உஷ்ணம் ஒரு வரம்பை எட்டியதும் கன்ட்ரோலர் தானாகவே சக்தியைக் குறைத்துவிடுகிறது. கடைசி ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் திருகியும் வண்டி இழுக்கவில்லையே என்று ஓட்டுபவர் திகைக்கும்போது, பாட்டரி தீரவில்லை, உஷ்ணம்தான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்பது அவருக்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை.

கூலண்ட் தேடிப் புறப்படுமுன் தம் வண்டிக்கு அது தேவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சர்-ரான் லைட் பீ, ஜீரோ எஃப்எக்ஸ் போன்ற பிரபலமான வண்டிகளின் மோட்டாருக்குக் காற்றுதான் குளிர்ச்சி. அவற்றில் ஊற்றுவதற்கு இடமே கிடையாது. 2021 டிசம்பரில் பார்சிலோனாவிலிருந்து அறிமுகமான ஸ்டார்க் வார்க், 80 குதிரைத்திறன் என்ற பிரமிக்கத்தக்க சக்தியோடு வந்தபோதும், அதன் பாட்டரியை மட்டும் தேன்கூட்டு அமைப்புள்ள மெக்னீசிய உறைக்குள் வைத்துக் காற்றாலேயே குளிர்விக்கிறார்கள். கே.டி.எம். நிறுவனத்தின் ஃப்ரீரைடு ஈ, கலிபோர்னியாவின் பிரிஸ்பேன் நகரில் பிறந்த ஆல்டா ரெட்ஷிஃப்ட் ஆகியவை திரவக் குளிர்ச்சி கொண்டவை. ரெட்ஷிஃப்டில் மோட்டாரும் கன்ட்ரோலரும் ஒரே சுற்றோட்டத்தில் சின்னஞ்சிறு ரேடியேட்டர் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன, 5.8 கிலோவாட்-மணி கொள்ளளவுள்ள அதன் பாட்டரி, திரவம் இல்லாமல் தன் உறையின் வழியாகவே சூட்டை வெளியே விடுகிறது.

திரவக் குளிர்ச்சி உள்ள வண்டிகளில் தயாரிப்பாளரின் புத்தகம் எந்தக் கூலண்டைச் சொல்கிறதோ அதுவே பிரமாணம். இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் ஆல்டா நிறுவனம் 2018 அக்டோபரில் தொழிலை நிறுத்திவிட்டது. அதன் வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விசாரிப்பதற்கோ, புதிய குறிப்புகள் அனுப்புவதற்கோ ஆள் இல்லை. வருங்காலத்தில் இப்படித் தாய்வீடு இழந்த மின்சார வண்டிகள் இன்னும் பல இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிறிய நிறுவனங்கள் பல இத்துறையில் நுழைவதும் மறைவதுமாக இருக்கின்றன. அத்தகைய வண்டியை வைத்திருப்பவர் தாமே யோசித்து நிர்ணயிக்க வேண்டியவராகிறார். அவர் பொருட்டாகவே மேற்கொண்டு சொல்லப்போவதெல்லாம்.

முதலில் உஷ்ணத்தின் கணக்கு. மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து ஒரு கிலோவாட் உஷ்ணத்தை வெளியிடுகின்றன, பம்ப் நிமிஷத்துக்கு மூன்று லிட்டர் தள்ளுகிறது என்று கொள்வோம். சுத்தமான தண்ணீரானால், ஒரு சுற்று வருவதற்குள் அது ஏறக்குறைய 4.8 டிகிரி சூடேறும். பாதிக்குப் பாதி எதிலீன் கிளைகால் கலந்தால் 5.6 டிகிரி. இந்த வித்தியாசம் அற்பமானதுதான். பாகுத்தன்மையால் வரும் வித்தியாசமோ அப்படிப்பட்டதல்ல. 20 டிகிரியில் அந்தக் கலவை தண்ணீரைப் போல நான்கு மடங்கு கெட்டியாக இருக்கிறது. கார் எஞ்சினின் பலமான பம்புக்கு அது பொருட்டல்ல, டர்ட் பைக்கின் கைக்கடக்கமான மின்பம்புக்கோ அது சுமை. பம்ப் திணறினால் நிமிஷத்துக்கு மூன்று லிட்டர் என்ற கணக்கே கவிழ்ந்துவிடும். கிளைகாலின் உஷ்ணக் கடத்துதிறனும் குறைவு. உலோகச் சுவரிலிருந்து திரவத்துக்கு உஷ்ணம் ஏறுவது அங்கே மந்தப்படுகிறது. ஆகவே உறைபனிக்கு அவசியமான அளவுக்கு மேல் கிளைகாலைச் சேர்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. நூற்றுக்கு 50 பங்கு கலவை கழித்தல் 37 டிகிரி வரை உறையாது; 30 பங்கு, ஏறக்குறைய கழித்தல் 15 வரை தாங்கும். கிளைகால் கூடக்கூட உறைநிலை இறங்கிக்கொண்டே போகும் என்று நினைப்பதும் சரியல்ல. தண்ணீர் சேராத கிளைகால் கழித்தல் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். லடாக்கில் குளிர்காலத்தைக் கழிக்கும் வண்டிக்குப் பாதிக்குப் பாதி நியாயம். தை மாத விடியலில் ஊட்டியின் பள்ளத்தாக்குகளில் படியும் உறைபனிக்கு 30 பங்கு தாராளம். சமவெளியில் உறைதல் என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் சமவெளியில் வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்கலாம். போதாது, அதற்குக் காரணம் அரிப்பு. மோட்டாரின் நீர்ச்சட்டையும் ரேடியேட்டரும் அலுமினியம். இணைப்புகளில் எங்கோ பித்தளையோ செம்போ இருக்கும். வெவ்வேறு உலோகங்கள் ஒரே நீரில் நனைந்திருந்தால் அவற்றுக்கிடையே மெல்லிய மின்னோட்டம் தோன்றி, அலுமினியம் கரையத் தொடங்கும். இதைத் தடுக்கும் சேர்மானங்களே நல்ல கூலண்டின் ஜீவன். கிளைகாலைவிட இவைதான் நமக்கு முக்கியம். இவற்றுள் பழைய ரகம் சிலிக்கேட்டைக் கொண்டு உலோகத்தின்மேல் விரைவில் ஒரு படலத்தைப் படிய வைப்பது. அது சீக்கிரம் தீர்ந்தும் போகும், சில வேளை பசையாகத் திரண்டு நுண்ணிய கால்வாய்களை அடைத்தும் விடும். கரிம அமிலங்களைக் கொண்ட புதிய ரகம், அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்து நெடுநாள் உழைக்கும். கன்ட்ரோலரின் குளிர்தகட்டில் உள்ள வழிகள் மிகக் குறுகியவையாகையால், இரண்டாவதே மின்சார வண்டிக்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம். இரண்டையும் கலப்பது கூடாது. நிறத்தைப் பார்த்து ரகத்தை நிர்ணயிப்பதும் கூடாது; நிறம் வெறும் சாயம், எந்த நிறுவனமும் எந்த நிறத்தையும் இடலாம்.

கலக்கும் தண்ணீரைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்பு சூடான உலோகத்தின்மேல் படிந்து உஷ்ணத்துக்கு அணையிடும், குளோரைடு அலுமினியத்தில் ஊசித்துளைகளைக் குடையும். கார்ப்பரேஷன் தண்ணீரும் வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சமிருக்கும். இன்வர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும், அதுவும் நம்பகமான கம்பெனியின் சீல் உடையாத கேனாக. இல்லாவிட்டால், முன்னமே தண்ணீர் கலந்து விற்கும் கூலண்டை வாங்கிவிடுவது உத்தமம்.

இனி, டப்பாவில் குறிப்பிடாத அந்த விஷயத்துக்கு வருவோம். அது மின்கடத்தும் தன்மை. சாதாரண எஞ்சின் கூலண்ட், அதன் அரிப்புத் தடுப்பு உப்புகளின் காரணமாக, மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமென்ஸ் என்று அளந்தால் அது ஆயிரக்கணக்கில் வரும். பெட்ரோல் வண்டியில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. மின்சார வண்டியிலோ திரவம் ஓடும் சுவருக்கு அப்பால், சில வண்டிகளில் 300 வோல்ட்டையும் தாண்டிய மின்சாரம் இருக்கிறது. சுவர் முழுசாக இருக்கும்வரை கவலையில்லை. ஒரு சீல் தேய்ந்தாலோ, கல் பட்டு ஒரு குழாய் வெடித்தாலோ, திரவம் மின்சாரத்தைத் தொடும். தொட்டால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் பிறக்கலாம், மின்கசிவு உண்டாகலாம், தீயும் பிடிக்கலாம்.

இது வெறும் யூகமல்ல. 2011 மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஷெவர்லே வோல்ட் காரைப் பக்கவாட்டில் ஒரு கம்பத்தின்மேல் மோதவிட்டுப் பரீட்சை செய்தது. மோதலில் பாட்டரி பழுதுபட்டு, அதைக் குளிர்விக்கும் திரவம் கசிந்தது. பரீட்சை முடிந்து காரை ஒதுக்குப்புறத்தில் நிறுத்திவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, ஒருவரும் தொடாமலேயே அது தீப்பிடித்து, பக்கத்தில் நின்ற வண்டிகளையும் எரித்தது. 2012 ஜனவரியில் விசாரணை முடிவதற்குள், ஜெனரல் மோட்டார்ஸ் பாட்டரியைச் சுற்றியுள்ள சட்டத்தைப் பலப்படுத்தியதோடு, கூலண்டின் மட்டத்தைக் கண்காணிக்கும் உணர்கருவியையும் சேர்ப்பதாக அறிவித்தது. வேகமாக ஓடுவதும் விழுவதும் எழுவதுமே வாழ்க்கையாகக் கொண்ட டர்ட் பைக் விஷயத்தில் இந்தச் சம்பவத்தை மறந்துவிடலாகாது.

இதன்பொருட்டே குறைந்த மின்கடத்து கூலண்ட் என்று ஒரு ரகம் தோன்றியிருக்கிறது. அதன் அளவு சாதாரணமாக 100 மைக்ரோசீமென்ஸுக்குள் அடங்கும். உப்புகளுக்குப் பதிலாக, மின்சாரத்தைக் கடத்தாத சேர்மானங்களைக் கொண்டு அரிப்பைத் தடுக்கிறார்கள். பாட்டரியின் வழியாகவே திரவம் ஓடும் வண்டிக்கு இதைத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ரெட்ஷிஃப்டைப் போல மோட்டாரையும் கன்ட்ரோலரையும் மட்டும் சுற்றி வரும் அமைப்பில், சிலிக்கேட் இல்லாத நல்ல கரிம அமிலக் கூலண்டும் பாதகமில்லை; கிரயம் ஒரு தடையாக இல்லாவிட்டால், அங்கேயும் குறைந்த மின்கடத்து ரகத்தையே வாங்குவது புத்திசாலித்தனம், ஏனெனில் ஒரு தடவைக்கு வேண்டியது மிகச் சொற்பமே. ஆனால் ஒன்று: இந்த ரகத்தை ஊற்றிவிட்டு, பிரயாணத்தின் நடுவில் மட்டம் குறைந்ததென்று சாதாரணக் கூலண்டையோ குழாய்த் தண்ணீரையோ சிறிது சேர்த்தால், கொடுத்த பணம் முழுவதும் வீண், சிறிதளவு உப்பே அந்தக் குணத்தைக் கெடுத்துவிடும். குடிதண்ணீரைச் சோதிக்க விற்கும் மலிவான டி.டி.எஸ். மீட்டரை, ஒரு கிண்ணத்தில் எடுத்த கூலண்டில் நனைத்துப் பார்த்தால் உத்தேசமாக நிலை விளங்கும்: அது 50 என்று காட்டினால் ஏறக்குறைய 100 மைக்ரோசீமென்ஸ் என்று பொருள். புதிதாக ஊற்றியபோது இருந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, சில மாதங்களுக்கு ஒரு முறை ஒப்பிட்டால், எண் ஏறிக்கொண்டே போவது உள்ளே ஏதோ அரிக்கிறது என்பதற்கு அடையாளம்.

பந்தய மைதானங்களில் வேறொரு விதி குறுக்கிடுகிறது. கீழே சிந்திய கிளைகால் வழுக்கலாக இருந்து உலராமல் கிடக்குமாகையால், பல இடங்களில் அதைத் தடைசெய்து, தண்ணீரும் அரிப்புத் தடுப்பானும் மட்டுமே அனுமதிக்கிறார்கள். அங்கே வாட்டர் வெட்டர் வகைச் சேர்மானங்களைப் பலர் நாடுகிறார்கள். சூடான சிலிண்டர் தலையில் தோன்றும் நீராவிக் குமிழிகளை அப்புறப்படுத்துவதே அதன் விசேஷப் பலன் என்பதால், 60 டிகிரியில் குமிழியே தோன்றாத மின்சார வண்டிக்கு அதனால் குளிர்ச்சி கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதிலுள்ள அரிப்புத் தடுப்பானுக்காக வேண்டுமானால் ஊற்றலாம். மின்சாரத்தைச் சிறிதும் கடத்தாத எண்ணெயை ஊற்றினால் என்ன என்றும் சிலர் கேட்பதுண்டு. எண்ணெய் தண்ணீரில் பாதி உஷ்ணத்தையே சுமக்கும், உஷ்ணத்தைக் கடத்தும் திறனோ தண்ணீரில் கால் பங்கு அளவுதான். அதற்கென்றே கட்டிய மோட்டாரில் அது அருமையாக வேலை செய்யும், தண்ணீருக்கென்று கட்டியதில் ஊற்றினால் பம்பும் ரப்பர் குழாய்களும் கெடும்.

ஊற்றும் முறையிலும் கவனம் வேண்டும். பழைய திரவத்தை வடித்து, டிஸ்டில்டு வாட்டரால், வடிவது நிறமற்று வரும்வரை அலசி, முன்சக்கரத்தைத் தூக்கி ரேடியேட்டர் மூடி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்படி நிறுத்தி, மெதுவாக ஊற்றிப் பம்பை ஓடவிட்டு, காற்றுக்குமிழி நிற்கும்வரை மட்டத்தைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே சிக்கிய ஒரு கைப்பிடிக் காற்று, எவ்வளவு உயர்ந்த கூலண்டையும் பிரயோஜனமற்றதாக்கிவிடும். ரேடியேட்டரின் இதழ்களில் காய்ந்த சேற்றை ஊறவைத்து மெல்லக் கழுவ வேண்டும். பிரஷர் வாட்டரை நேரே பாய்ச்சினால் இதழ்கள் மடங்கிக் காற்று போகும் வழி அடைபடும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: எதிலீன் கிளைகால் கொடிய விஷம். அதன் ருசி இனிப்பானது. ஆகையால் திறந்த பாத்திரத்தில் வடித்து வைத்த பழைய கூலண்டை நாயோ குழந்தையோ நக்கிவிடக்கூடும். உடம்புக்குள் அது ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து உயிரைப் போக்கும். குழந்தைகளுக்கான சிறிய மின்சார டர்ட் பைக்குகளும் வரத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில், வீட்டுக் கொல்லையிலேயே வண்டி வேலை செய்பவர்கள் புரோப்பிலீன் கிளைகாலை அடிப்படையாகக் கொண்ட கூலண்டைப் பரிசீலிக்கலாம். அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு, எதிலீன் கிளைகாலைவிடச் சற்றுக் கெட்டியானது என்பதே அதன் குறை. வடித்ததைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாமல், மூடியிட்ட கேனில் பெயர் எழுதி, பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டு ஒப்படைக்க வேண்டும். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால், மயக்கமோ வாந்தியோ வரட்டும் என்று காத்திராமல், கூலண்ட் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து உண்டு, சிறுநீரகம் பழுதுபடுவதற்கு முன்னால் கொடுத்தால்தான் அது முழுப் பலன் தரும்.